காற்றாடிக்கு அடியில் இருட்டு

2012-ஆம் ஆண்டு ஆடி மாதம். பல்லடத்துக்கும் உடுமலைப்பேட்டைக்கும் நடுவே இருந்த ஒரு நூற்பாலையில் மின்பராமரிப்பு மேற்பார்வையாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று இரவு ஷிஃப்ட். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தபோது ஆலை மொத்தமும் ஒரே நொடியில் அணைந்தது. காது அடைக்கும் அந்த இரைச்சல் மெல்லத் தேய்ந்து, நூல் சுற்றும் கதிர்கள் நிற்கும் ஓசை இருக்கிறதே, அதைக் கேட்டவர்களுக்குத்தான் அதன் வயிற்றெரிச்சல் புரியும். ரிங் ஃபிரேம் என்னும் நூற்பு இயந்திரம் ஒன்றில் 1,008 கதிர்கள். மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் அவற்றில் பெரும்பகுதியில் நூல் அறுந்துபோகும். ஃபிரேம் பார்க்கும் பெண்கள் ஒவ்வோர் இழையாகப் பிடித்துப் பிணைக்க வேண்டும். அது முடிவதற்குள் அடுத்த தடவை போய்விடும். அந்த ஆண்டு அப்படித்தான் இருந்தது.

அன்றைக்குப் போனது வழக்கமான வெட்டு இல்லை. துணை மின்நிலையத்தில் ஏதோ பழுது. சுற்றுவட்டாரம் முழுக்க இருண்டுவிட்டது. ஜெனரேட்டரை ஓட்ட டீசல் போதாது என்று மேலே இருந்து தகவல் வந்ததால் எல்லோரும் வெளியே வந்து உட்கார்ந்தோம். காற்று பிய்த்துக்கொண்டு போனது. தலையில் கட்டியிருந்த துணி நிற்கவில்லை. ஆலைக்கு எதிரே, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மின்சாரம் தரும் காற்றாடிகள். நிலா வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தன. ஒன்றுகூடச் சுற்றவில்லை.

ஃபிரேம் பார்க்கும் பெண்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: “அண்ணா, காற்று இந்தப் போடு போடுகிறது. இத்தனை காற்றாடி நிற்கிறது. அதிலிருந்து ஒரு கம்பியை இழுத்து நமக்குக் கொடுக்க முடியாதா?”

நான் படித்ததைச் சொன்னேன். இந்தக் காற்றாடிகளில் இருப்பது தூண்டல் ஜெனரேட்டர். அது தானாக மின்சாரம் பிறப்பிக்காது. உள்ளே காந்தப்புலம் உண்டாக வேண்டுமென்றால் வெளியிலிருந்து, மின்கட்டமைப்பிலிருந்து, அதற்குக் கொஞ்சம் மின்சாரம் வர வேண்டும். லைன் போய்விட்டால் எவ்வளவு காற்று அடித்தாலும் பிரேக் போட்டு நின்றுவிடும். அப்படி நிற்காவிட்டால் ஆபத்து. லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறுபவரை அது கொன்றுவிடும்.

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கை நீட்டி ஒரு கோபுரத்தைக் காட்டினார். “அது எங்கள் அப்பாவின் காடு. இரண்டு ஏக்கர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது விற்றார். இப்போது எங்கள் வீட்டில் ராத்திரி பூராவும் விசிறி ஓடுவதில்லை.”

எங்கள் பக்கத்தில் மானாவாரி நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். அவருடைய முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. இந்த இரண்டாவதைக் கேள்வியாக அவர் கேட்கவே இல்லை. பதினைந்து வருடம் ஆகப்போகிறது, நான் இன்னும் அதற்குத்தான் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு மதில். அந்த மதிலில் பாலக்காட்டில் பெரிய வாசல் ஒன்று திறந்திருக்கிறது. செங்கோட்டையிலும் ஆரல்வாய்மொழியிலும் சின்ன வாசல்கள். வைகாசி பிறந்தால் தென்மேற்குப் பருவக்காற்று மழையை அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, இந்த வாசல்கள் வழியே வெறும் காற்றாக நம் பக்கம் பாயும். மழையைத் தராத அந்தக் காற்றை எங்கள் பெரியவர்கள் சபித்திருக்கிறார்கள். வெங்காயம் சேமிக்கும் பட்டறையின் கூரையைப் பிரித்துப் போட்டுவிடும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்களுக்கு வெறும் சொலவடை இல்லை.

1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் அரசு சில காற்றாலைகளை நட்டுப் பார்த்தது. சின்ன இயந்திரங்கள், ஒவ்வொன்றும் 55 கிலோவாட். அது சோதனை. தொழிலாக அது மாறியதற்குக் காரணம் ஒரு வரிச்சலுகை. தொண்ணூறுகளில், காற்றாலைக்குப் போட்ட முதலீடு முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் காட்டி, வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. நல்ல லாபத்தில் ஓடிக்கொண்டிருந்த நூற்பாலைகளுக்கும் சிமெண்ட் ஆலைகளுக்கும் வேறு என்ன வேண்டும்? வரியாகப் போகும் பணத்தில் காற்றாடி வாங்கினார்கள். காற்று எப்படி அடிக்கிறது என்று பார்க்காமல், மார்ச் 31-க்குள் நட்டால் போதும் என்று நட்டவர்களும் உண்டு. ஆனாலும் அந்தச் சலுகை இல்லாமல் இந்தக் காற்றாடிக் காடு முளைத்திருக்காது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இரண்டாவது காரணத்தை வெளியே அதிகம் பேர் பேசுவதில்லை. அதன் பெயர் பேங்கிங். ஆடியில் உங்கள் காற்றாடி பத்து லட்சம் யூனிட் தருகிறது, உங்கள் ஆலைக்கு அந்த மாதம் ஆறு லட்சம் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை மின்வாரியத்தின் கணக்கில் போட்டு வைத்துவிட்டு, காற்றே இல்லாத மாசியில் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. வாரியம் அதற்கு ஒரு கழிவு பிடித்துக்கொள்ளும், மின்பாதையைப் பயன்படுத்தியதற்கு வீலிங் கட்டணம் வாங்கிக்கொள்ளும். காற்று வீசுவது ஓரிடம், ஆலை இருப்பது நூறு கிலோமீட்டர் தள்ளி, வீசும் மாதம் ஒன்று, தேவைப்படும் மாதம் வேறு. இந்த இரண்டு தூரத்தையும் ஒரு கணக்குப் புத்தகம் கடக்க வைத்தது. காற்றைக் களஞ்சியத்தில் சேர்த்து வைப்பதற்கு இணையான ஏற்பாடு இது. பேட்டரியைப் பற்றி உலகம் பேசத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே எங்கள் கோவை, திருப்பூர் ஆலைகள் இதை வைத்துப் பிழைத்தன.

2008 நவம்பரில் தமிழ்நாட்டில் ஆலைகள் போன்ற பெரிய நுகர்வோரின் உயர் அழுத்த இணைப்புகளுக்கு மின்சாரக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். 2012-ல் சென்னைக்கு வெளியே பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு சாதாரணமாகிப்போனது. மாநிலத்தில் அப்போதே ஏறத்தாழ 7,000 மெகாவாட் காற்றாலைகள் இருந்தன. அந்த வருடங்களைச் சொந்தக் காற்றாடி வைத்திருந்த ஆலைகள் எப்படியோ தாண்டின. காற்றாடி, கொஞ்சம் டீசல், வெளியிலிருந்து விலைக்கு வாங்கிய மின்சாரம் என்று கலந்து ஓட்டினார்கள்.

தறிக்காரர்களால் தாண்ட முடியவில்லை.

என் சித்தப்பா சோமனூர்ப் பக்கம் எட்டு விசைத்தறி வைத்திருக்கிறார். நெடுக்கு இழையான பாவும் குறுக்கு இழையான ஊடைநூலும் ஜவுளி உற்பத்தியாளர் தருவார், நெய்து கொடுத்தால் மீட்டருக்கு இவ்வளவு பைசா என்று கூலி. அந்த நாட்களில் மின்சாரம் எப்போது வருகிறதோ அப்போது தறி ஓட்டுவதற்காகச் சித்தி தறிக்கூடத்திலேயே பாய் விரித்துப் படுத்திருந்தார். நள்ளிரவு இரண்டு மணிக்கு வந்தால் இரண்டு மணிக்கு எழுந்து, ஊடைநூலைக் கொண்டுபோகும் நாடாவைப் போடுவார். பிள்ளைகள் அந்தச் சத்தத்திலேயே தூங்கப் பழகிவிட்டார்கள். சிலர் தறியை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். கிலோ கணக்கில் தறி விற்கப்படுவதைப் பார்ப்பதைவிடக் கொடுமை எங்கள் ஊரில் வேறு கிடையாது.

ஒரே காற்று. ஒரே கம்பி. நூற்பாலைக்குக் காற்றில் பங்கு இருந்தது, அந்த நூலை நெய்கிறவருக்கு இல்லை. புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்று யாராவது பேசத் தொடங்கினால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: எத்தனை மெகாவாட் என்பது இருக்கட்டும், எழுதியிருப்பது யார் பேரில்?

இதற்கு ஓர் ஊர் விடை கண்டுபிடித்தது. கோவை மாவட்டத்தில், மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில், நீலகிரியின் அடிவாரத்தில் இருக்கும் ஓடந்துறை ஊராட்சி. 1996-லிருந்து பத்து வருடம் அங்கே தலைவராக இருந்தவர் ஆர். சண்முகம். அடுத்து அவருடைய மனைவி லிங்கம்மாள் தலைவரானார். குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் ஆகும் மின்கட்டணம் ஊராட்சியின் வருமானத்தைத் தின்றுகொண்டிருந்தது. முதலில் தெருவிளக்கில் சூரியசக்தியை முயன்று பார்த்தார்கள். பவானி ஆற்றிலிருந்து தண்ணீர் இறைக்க, மரக்கழிவை எரித்து வாயுவாக்கும் ஒரு சின்ன இயந்திரம் வைத்தார்கள். 2006-ல் துணிந்து ஒரு காற்றாலையே வாங்கினார்கள். 350 கிலோவாட். விலை 1 கோடியே 55 லட்சம் ரூபாய். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மீதி வங்கிக் கடன். ஓடந்துறையில் அவ்வளவு காற்று இல்லை. ஆகவே ஆலைக்காரர்கள் செய்ததையே செய்தார்கள்: காற்று வீசும் இடத்தில், உடுமலைப்பேட்டை அருகே மைவாடியில் நட்டார்கள். வருடத்துக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் கிடைத்தது. ஊரின் தேவை 4.5 லட்சம் யூனிட். மிச்சத்தை வாரியத்துக்கு விற்றார்கள்.

இந்தக் கதையை நீங்கள் ஏற்கெனவே செய்தித்தாளில் படித்திருக்கலாம். உலக வங்கியிலிருந்து ஆள் வந்து பார்த்தார்கள், வெளிநாட்டு மாணவர்கள் வந்து பார்த்தார்கள். எனக்கு அந்தப் பெருமையில் ஒரு வருத்தம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் இருக்கின்றன. ஏன் அந்தச் செய்தியில் எப்போதும் ஒரே ஊரின் பெயர் வருகிறது?

பணம் ஒரு காரணம். 40 லட்சம் சேமித்து வைத்திருக்கும் ஊராட்சி அபூர்வம். ஆனால் அதைவிட முக்கியமான காரணம் என்று நான் நினைப்பது வேறு. கடன் ஏழெட்டு வருடம் ஓடும். அதற்குக் கையெழுத்துப் போடத் துணிவுள்ள, ஊருக்குப் பதில் சொல்ல வேண்டிய ஒரு தலைவர் நாற்காலியில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊரகப் பகுதிகளில் அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது, ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரில். இடையில் அரசு அமர்த்திய தனி அலுவலர்கள்தான் ஊராட்சிகளைப் பார்த்துக்கொண்டார்கள். மாற்றலாகிப் போகப்போகும் ஓர் அலுவலர் ஊரின் பேரில் ஒரு கோடி ரூபாய் கடன் வாங்கிக் காற்றாடி நடுவாரா? நட மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் மறுபடியும் பதவிக்காலம் முடிந்து, மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். சூரியத் தகட்டின் விலை பாதாளத்துக்கு இறங்கிய இந்தப் பத்தாண்டுகளில், அதை வாங்க வேண்டிய ஊராட்சிகளில் ஏறத்தாழப் பாதிக் காலம் நாற்காலி காலி. மின்சாரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் உள்ளாட்சித் தேர்தலைப் பற்றிப் பேசுவதில்லை. பேச வேண்டும்.

நிலத்துக்கு வருகிறேன். அந்தப் பெண்ணின் அப்பா விற்ற இரண்டு ஏக்கர் என் மனதை விட்டுப் போகவில்லை. காற்றாடிக்கு நிலம் வேண்டும் என்று தரகர்கள் வந்தபோது எங்கள் பக்கத்தில் எல்லோரும் கிரயம்தான் செய்து கொடுத்தார்கள். கிணறு வற்றிய காலம், மகளுக்குக் கல்யாணம், கையில் மொத்தமாகப் பணம். கோபுரம் எழும்பி இருபது வருடம் சுற்றியது, விற்றவருக்கு அதில் எதுவும் இல்லை. கர்நாடகத்தில், துமகூரு மாவட்டத்தின் பாவகடாவில் வேறு வழி கண்டார்கள். வறட்சியால் ஊரே காலியாகிக்கொண்டிருந்த இடம். அங்கே 2,050 மெகாவாட் சூரிய மின்பூங்கா ஏறத்தாழ 13,000 ஏக்கரில் விரிந்திருக்கிறது. அந்த நிலத்தை விலைக்கு வாங்கவில்லை. ஏக்கருக்கு வருடம் 21,000 ரூபாய் என்று குத்தகைக்கு எடுத்தார்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் கூடும். நிலம் இன்றும் விவசாயியின் பேரில்தான் இருக்கிறது. இது நல்ல ஏற்பாடு, எங்கள் ஊரில் இப்படி நடந்திருக்கலாமே என்று நான் ஏங்கியிருக்கிறேன். ஆனால் பாவகடாவிலும் நிலம் வைத்திருந்தவர்களுக்குத்தான் குத்தகைப் பணம். அந்த நிலத்தில் கூலிக்குக் களை எடுத்தவர்களுக்கும், ஆடு மேய்த்தவர்களுக்கும் வேலி போட்ட பிறகு வழியில்லை. நிலமற்றவரை எந்த ஒப்பந்தமும் கூப்பிட்டு உட்கார வைப்பதில்லை.

மின்வாரியத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது தப்பு. தமிழ்நாட்டில் விவசாயப் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் இலவசமாக இருந்தது, 2023-ல் 1,000 ஆக்கினார்கள். வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். இந்தச் சுமையில் ஒரு பங்கை அரசு மானியமாகத் தருகிறது. இன்னொரு பங்கு, பெரிய ஆலைகள் யூனிட்டுக்குக் கூடுதலாகக் கட்டும் பணத்திலிருந்து வருகிறது. அந்த ஆலை சொந்தக் காற்றாடிக்கு மாறிவிட்டால் அந்தப் பணமும் அதோடு போய்விடும். அதனால்தான் பேங்கிங் கட்டணத்தைக் கூட்டுகிறார்கள், புதிது புதிதாகக் கட்டணங்கள் முளைக்கின்றன. ஆலைக்காரர் அதை அநியாயம் என்கிறார். சித்தப்பாவின் 1,000 யூனிட் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் அவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இது எங்கே போய் முடியும் என்பதற்குப் பாகிஸ்தானைப் பார்க்கலாம். அங்கே கட்டணம் தாங்காமல் 2024-ல் மட்டும் ஏறத்தாழ 17,000 மெகாவாட் அளவுக்குச் சூரியத் தகடுகளைச் சீனாவிலிருந்து இறக்கினார்கள். எந்தத் திட்டமும் சொல்லி நடக்கவில்லை. ஆலைகளும் வசதியானவர்களும் விவசாயிகளும் தாங்களாகவே கூரையிலும் வயலிலும் போட்டுக்கொண்டார்கள். ஒரு பக்கம் பார்த்தால் இது மக்களின் சாதனை, மனம் நிறைகிறது. இன்னொரு பக்கம், ஓடினாலும் ஓடாவிட்டாலும் பணம் கொடுத்தே தீர வேண்டும் என்ற ஒப்பந்தத்தோடு நிற்கும் பழைய மின்நிலையங்களின் செலவு அப்படியே இருக்கிறது. அதைப் பங்குபோடக் கம்பியில் மிச்சமிருப்பது யார்? தகடு வாங்கப் பணமில்லாதவர்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள். கூரையே சொந்தமில்லாதவர்கள்.

திருப்பூரைப் பற்றி ஒன்று. வெளிநாட்டுக் கம்பெனிகள் இப்போது ஆர்டர் தருவதற்கு முன்பு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கின்றன. காற்றாலைக் கணக்கை எடுத்துக் காட்டினால் திருப்தியாகிவிடுகிறார்கள். ஆனால் பனியன் துணிக்குச் சாயம் ஏற்றுவது மின்சாரத்தில் இல்லை, நீராவியில். சாயப்பட்டறையின் பாய்லரில் எரிவது பெரும்பாலும் விறகு. லாரி லாரியாகச் சீமைக்கருவேலம் வந்து இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். நெருப்பின் கதையை யாரும் கேட்பதில்லை. நீராவிக்கு மாற்று தேடுவது காற்றாடி நடுவதைவிடப் பல மடங்கு கடினம், இதை இன்னொரு கட்டுரையில் விரிவாக எழுத வேண்டும்.

போன தைப்பொங்கலுக்குச் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. இப்போது வெட்டு இல்லை, கட்டணம்தான் கழுத்தை நெரிக்கிறது. ஓடந்துறைக் கதையை அவரிடம் சொன்னேன். அவர் நாடாவை மாற்றிக்கொண்டே கேட்டார்.

“நம் தெருக்காரர்கள் எல்லாம் சேர்ந்து ஒன்று வாங்க முடியாதா, கண்ணு?”

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம். ஒரு தறிக்கு ஒரு குதிரைத்திறன், எட்டுக்கு ஆறு கிலோவாட் என்று வைத்தோம். நாளுக்குப் பதினொரு மணி நேரம், வருடத்துக்கு முந்நூறு நாள். 20,000 யூனிட் சுமார். ஓடந்துறையின் காற்றாடியைப் போல 6.75 லட்சம் தரும் ஒன்று இருந்தால் 33 தறிக்கூடத்துக்குப் போதும். அவர்கள் கொடுத்த விலையை 33-ஆல் வகுத்தால் ஒரு வீட்டுக்கு 4 லட்சத்து 70 ஆயிரம். அது 2006-ன் விலைதான், இன்றைக்குப் புதிதாக நடுபவை பெரும்பாலும் இரண்டு மூன்று மெகாவாட் இயந்திரங்கள். ஆனாலும் சித்தப்பா அந்தத் தொகையைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் தெருவில் ஒரு கல்யாணத்துக்கு அதைவிட அதிகம் செலவாகிறது.

பிறகு நான் விதியைச் சொன்னேன். பலர் சேர்ந்து சொந்தப் பயன்பாட்டுக்கு மின்நிலையம் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. 26 சதவீதப் பங்கு அவர்களிடம் இருக்க வேண்டும், 51 சதவீத மின்சாரத்தை அவர்களே பயன்படுத்த வேண்டும். 2022-ல் ஒன்றிய அரசு பசுமை மின்சாரத்தைக் கம்பி வழியே கொண்டுவருவதற்கான வரம்பை 1 மெகாவாட்டிலிருந்து 100 கிலோவாட்டாக இறக்கியது, சொந்தப் பயன்பாட்டுக்கு அந்த வரம்பும் இல்லை என்றது. காகிதத்தில் கதவு திறந்திருக்கிறது. ஆனால் கால் மணிக்கு ஒருமுறை பதியும் மீட்டர் ஒவ்வொரு கூடத்திலும் வேண்டும், வருடாவருடம் பங்கையும் பயன்பாட்டையும் சரிபார்த்துச் சான்று தர ஆள் வேண்டும், ஏதாவது ஒரு கட்டண ஆணை மாறினால் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் வாதாட வழக்கறிஞர் வேண்டும். உயர் அழுத்த இணைப்பு வைத்திருக்கும் ஆலையை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு இது. ஆலைக்கு இதற்கென்று ஓர் அறையும் இரண்டு பேரும் உண்டு. அந்த அறையில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

பழைய காற்றாடிகளை இறக்கிவிட்டுப் புதியவற்றை நட 2024-ல் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கை அறிவித்தது. நல்ல காற்று வீசும் இடங்களை எல்லாம் முப்பது வருடத்துக்கு முந்தைய குட்டி இயந்திரங்கள் பிடித்துக்கொண்டு நிற்பதால் அது அவசியமான வேலை. ஒரு பழைய கோபுரத்தின் இடத்தில் அதைப்போல் பல மடங்கு மின்சாரம் தரும் ஒன்று எழும்பும்போது, கூடுதலாகக் கிடைப்பதில் ஒரு துண்டை அந்த ஊராட்சிக்கும், பக்கத்துத் தறிக்காரர் சங்கத்துக்கும் பங்காக எழுதி வைக்கலாம். மீட்டரையும் சான்றையும் வாரியமே பொதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். கூட்டுறவுப் பால் சங்கத்தில் ஒரு லிட்டர் ஊற்றுகிறவருக்கும் கணக்கு வைக்கத் தெரிந்த மாநிலம் இது. ஒரு யூனிட்டுக்குக் கணக்கு வைக்கத் தெரியாதா?

சித்தப்பா பத்திரிகையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தெருவில் யார் யார் சேருவார்கள் என்று பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். சித்தி உள்ளேயிருந்து இரண்டு பெயர்களை வேண்டாம் என்றார், நான்கு பெயர்களைச் சேர்த்தார். பதினேழு வரை வந்தோம். அதற்குள் மூன்றாவது தறியில் பாவு அறுந்தது, சித்தப்பா எழுந்து போனார்.